ஒரே கறிதோசை, இரண்டு உடம்பு

காலை ஆறரைக்கே எங்கள் லேப் வாசல் பெஞ்சு நிறைந்துவிடும். வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, முதல் வேலையாகக் காபிக்கடைக்கு ஓடுகிற கூட்டம். எடுத்த ரத்தம் உறைந்ததும் குழாயைச் சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுற்றவிட்டால் சிவப்பெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே சீரம் தெளிந்து நிற்கும். கடலை எண்ணெய் நிறத்தில், குழாய்க்குப் பின்னால் பிடித்த எழுத்தைப் படிக்கிற தெளிவோடு இருந்தால் அது நல்ல சீரம். திங்கட்கிழமைகளில் அப்படி இல்லாத குழாய்களும் வந்து சேரும். அரிசி களைந்த தண்ணீர் போல ஒன்று, நீர்மோர் போல ஒன்று, அபூர்வமாகப் பசும்பாலையே ஊற்றி வைத்தது போல ஒன்று.

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு?" என்று கேட்பேன். இது தூங்கா நகரம். பதில் பெரும்பாலும் எனக்கு முன்கூட்டியே தெரியும். "பதினோரு மணி இருக்கும்க்கா. கறிதோசை ஒண்ணு, பரோட்டா மூணு, கூட ஒரு சுக்கா."

ஒரு நாள் மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து வந்தார்கள். முந்தின இரவு ஒரே கடையில், ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், நல்ல பருமன். சட்டைப் பொத்தான் வயிற்றில் இழுத்துப் பிடித்திருந்தது. தம்பிக்காரர் ஒல்லி, கையில் நரம்பு தேட வேண்டிய வேலையே இல்லை. இரண்டு பேர் சீரமும் கலங்கல்தான், ஆனால் ஒல்லியானவருடையது கூடுதல் வெள்ளை. ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் அவருக்கே அதிகம். "என்னக்கா இது, மச்சானோட லேபிளை மாத்தி ஒட்டிட்டீங்களா?" என்று கேட்டார். மாற்றி ஒட்டவில்லை. ஆனால் அவருக்கு அன்று பதில் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம்தான் கிடைத்தது. இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல இது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வயிற்றிலிருந்து தொடங்க வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது நமக்குத் தெரியும். உடம்புக்குள் ஓடுவதெல்லாம் தண்ணீர்ச் சரக்கு. அதில் கொழுப்பைக் கரைத்து ஏற்றுவது லேசான காரியமில்லை. இரைப்பையில் லைப்பேஸ் என்ற, கொழுப்பை வெட்டும் நொதி ஒன்று கொஞ்சம் வேலையைத் தொடங்கி வைக்கும். மிச்சத்தைச் சிறுகுடல்தான் செய்கிறது. கொழுப்பு வந்து சேர்ந்த செய்தி தெரிந்ததும் முன்சிறுகுடலிலிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் கிளம்பிப் பித்தப்பையைச் சுருங்க வைக்கும். பித்தநீர் வந்து விழும். தலையில் தேய்த்த நல்லெண்ணெயைச் சீயக்காய் எப்படி எடுத்துக்கொண்டு போகிறதோ, அப்படி எண்ணெய்த் துளிகளைப் பொடிப்பொடியாக உடைத்துத் தண்ணீரோடு சேர வைக்கும் வேலை பித்த உப்புகளுடையது. உடைந்த துளிகளின் மேல் கணையத்தின் லைப்பேஸ் ஏறி உட்கார்ந்து, ஒவ்வொரு ட்ரைகிளிசரைடிலிருந்தும் இரண்டு கொழுப்பமிலங்களைக் கத்தரித்து எடுக்கும். கத்தரித்த துண்டுகளைக் குடல் செல்கள் உறிஞ்சும்.

அடுத்து நடப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம் தருகிற இடம். இவ்வளவு பாடுபட்டு உடைத்ததை, குடல் செல் உள்ளே இழுத்த கையோடு மறுபடி ஒட்டவைத்து ட்ரைகிளிசரைடாக்குகிறது. அதைச் சுற்றிப் புரத உறை போட்டு உருண்டையாகக் கட்டுகிறது. கைலோமைக்ரான் என்று பெயர். இந்த உருண்டைகள் ரத்த நுண்குழாய்க்குள் நேராக நுழைய முடியாத அளவுக்குப் பெரியவை. சர்க்கரையும் புரதமும் குடலை விட்டதும் நேரே கல்லீரலுக்குப் போய்க் கணக்குக் கொடுக்க வேண்டும். கொழுப்பு அப்படிப் போவதில்லை. நிணநீர்க் குழாய் வழியாக மார்புக்கு ஏறி, இடது கழுத்தடியில் ஒரு சிரையில் கலந்து, கல்லீரலைச் சுற்றிப் போய் உடம்பெங்கும் பரவுகிறது. 1622-ல் இத்தாலியில் காஸ்பரே அசெல்லி, சாப்பிட்டுச் சிறிது நேரமான நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலை ஒட்டி வெள்ளை நூல்களைப் பார்த்தார். ஒன்றைக் கீறியதும் பால் போன்ற நீர் வடிந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து பிரான்சின் கிளாத் பெர்னார், முயல்களில் அந்த வெள்ளை நூல்கள் பித்தநீர் விழும் இடத்தில் தொடங்காமல் அதற்கு வெகு கீழே, கணைய நீர் விழும் இடத்துக்குப் பிறகே தொடங்குவதைக் கவனித்தார். கொழுப்பை வெட்டுவது கணையத்தின் நீர் என்று அதிலிருந்து சொன்னார். என் குழாயில் காலையில் நிற்கிற வெள்ளையும் அசெல்லி பார்த்த அதே வெள்ளைதான்.

இந்த இடம்வரை ஒல்லிக்கும் பருமனுக்கும் பெரிய வித்தியாசமே கிடையாது. "நான் எவ்வளவு தின்னாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்று சொல்கிறவர் குடலிலும், "பச்சத் தண்ணி குடிச்சாலும் ஊதுறேன்" என்று வருந்துகிறவர் குடலிலும், தின்ற கொழுப்பில் 95 சதவீதத்துக்கு மேல் உள்ளே போய்விடுகிறது. குடல் ஆள் பார்த்து வேலை செய்வதில்லை. வித்தியாசமெல்லாம் சரக்கு ரத்தத்துக்கு வந்த பிறகு, அதை யார் இறக்கிக்கொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்ல ஒரு உவமை கைவசம் இருக்கிறது. நம் பக்கத்துக் கண்மாய். வைகையில் தண்ணீர் வந்தால் வாய்க்கால் வழியாகக் கண்மாய் நிறையும். மடை திறந்தால் வயலுக்குப் போகும். கொள்ளளவு மிஞ்சினால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். கண்மாய் நல்லபடியாக இருக்கும்வரை வெள்ளமும் ஊருக்கு லாபம்தான். நம் தோலுக்கடியில் இருக்கிற கொழுப்புத் திசுவுக்கும் இதே வேலை. சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் வருகிற கொழுப்பு வெள்ளத்தை வாங்கித் தேக்கி, பட்டினி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவது. ஆக்ஸ்ஃபோர்டின் கீத் ஃப்ரெய்ன் தன் ஆராய்ச்சியின் பெரும்பகுதியை இந்தத் தேக்கும் வேலையைப் புரியவைப்பதற்கே செலவிட்டவர். கொழுப்புத் திசு என்றாலே வேண்டாத சதை என்று நினைக்கப் பழகிவிட்டோம். அது இல்லாவிட்டால் என்ன கதி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மடைக்குக் காவல் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி. கொழுப்புத் திசுவிலும் தசையிலும் ரத்த நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்று, கடந்துபோகிற கைலோமைக்ரானிலிருந்து கொழுப்பை இறக்கும். இதை ஏவுவது இன்சுலின். பரோட்டாவின் மைதா சர்க்கரையாகி இன்சுலினை உயர்த்துகிறது. இன்சுலின் ஒரே நேரத்தில் மூன்று கட்டளை போடுகிறது: கொழுப்புத் திசுவில் இந்த நொதியை முடுக்கு, தசையில் தணி, ஏற்கெனவே தேங்கியிருக்கிற கொழுப்பை வெளியே விடாதே. சுக்காவோடு பரோட்டா சேர்கிறபோது கொழுப்பு எரிவது நின்று, சேர்வது நடப்பது இதனால்தான். கொழுப்பைத் தனியாகக் குற்றம் சொல்வதும் மாவுச்சத்தைத் தனியாகக் குற்றம் சொல்வதும் பாதிக் கதை. மதுரை இரவுச் சாப்பாட்டில் இரண்டும் ஒரே வாழையிலையில் வருகின்றன. மேலே ஜிகர்தண்டாவும் போனால் பாலேடும் சர்க்கரையும் கூடச் சேர்ந்துகொள்கின்றன.

ஆரோக்கியமான, ஒடிசலான உடம்பில் சாப்பிட்ட மூன்று நான்கு மணி நேரத்தில் ட்ரைகிளிசரைடு உச்சத்துக்குப் போய், ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். சாப்பிட்டதும் கொழுப்புத் திசுவுக்குப் போகிற ரத்த ஓட்டமே கூடும். வாய்க்காலை அகலப்படுத்தித் தண்ணீரை வாங்குவது போல. பருமனான உடம்பில், முக்கியமாக வயிறு வைத்த உடம்பில், இந்த அகலப்படுத்தல் சரியாக நடப்பதில்லை. நொதியும் இன்சுலின் கூப்பிட்ட வேகத்துக்கு எழுந்து வருவதில்லை. போதாக்குறைக்கு, கல்லீரல் தானே தயாரித்து அனுப்புகிற வி.எல்.டி.எல். என்ற கொழுப்புச் சரக்கும் அதே மடையில் வந்து முட்டுகிறது. இரண்டு வெள்ளத்துக்கும் ஒரே மடை. ஆகவே இரவு பதினோரு மணிக் கறிதோசை விடிந்த பிறகும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அது இறங்குவதற்குள் காலை வடையும் பொங்கலும் வந்துவிடும். இன்னொன்று: முந்தைய வேளையில் தின்ற கொழுப்பில் ஒரு பங்கு குடல் செல்லிலேயே காத்திருந்து, அடுத்த வேளைச் சாப்பாடு உள்ளே போனதும் வெளியே வருகிறது. சாப்பாட்டுக்குப் பின்னான நிலையிலேயே நம் நாளின் பெரும்பகுதி கழிகிறது.

2011-ல் ஆக்ஸ்ஃபோர்டு குழு வெளியிட்ட ஒரு ஆய்வு இதில் எனக்குப் பெரிய வெளிச்சம் தந்தது. ஒல்லியான ஆண்களுக்கும் வயிறு பெருத்த ஆண்களுக்கும் அடையாளமிட்ட கொழுப்பைச் சாப்பாட்டில் கொடுத்து, ஒரு முழு நாள், மூன்று வேளையும், அது எங்கே போகிறது என்று தொடர்ந்தார்கள். பெருத்த உடம்பு எல்லாவற்றையும் பேராசையோடு இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் என்றுதானே நினைப்போம்? ஒரு கிராம் கொழுப்புத் திசுவுக்குக் கணக்குப் போட்டால் பருமனானவர்களிடம் உள்ளே போனதும் குறைவு, வெளியே வந்ததும் குறைவு. தூர்ந்துபோன கண்மாய். பரப்பு பெரிது, ஆனால் வண்டல் ஏறி, சீமைக்கருவேலம் மண்டி, வாங்கவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் கிடக்கிறது. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் தெருவுக்குள் தண்ணீர் வந்து நின்றதைப் பார்த்தவர்களுக்கு, தேங்க இடமில்லாத வெள்ளம் எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உடம்பில் அந்தத் தெரு என்பது கல்லீரல், தசை, கணையம். கொழுப்பைத் தேக்குவதற்கென்று கட்டப்படாத இடங்கள். தசைக்குள் கொழுப்புத் தங்கினால் இன்சுலின் சொல் அங்கே எடுபடாது. சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கும். கல்லீரலில் தங்கினால், ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர்' என்று வரும். இப்போது அந்தச் சொல் வராத வீடு குறைவு. வாசிக்கிறவர்கள் பலரும் 'கறி தின்றதால் கறிக்கொழுப்பு நேரே கல்லீரலில் படிந்துவிட்டது' என்று எண்ணிக்கொள்கிறார்கள். 2005-ல் அமெரிக்காவில் ஃபேட்டி லிவர் நோயாளிகளிடம் செய்த ஆய்வில், கல்லீரலில் இருந்த கொழுப்பில் சுமார் 59 சதவீதம் ரத்தத்தில் சுற்றும் கொழுப்பமிலங்களிலிருந்து வந்தது. அதாவது பெரும்பாலும் கொழுப்புத் திசு தாங்காமல் விட்டது. 26 சதவீதம் கல்லீரல் தானே மாவிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் புதிதாகச் செய்தது. சாப்பாட்டுக் கொழுப்பு நேராக வந்து சேர்ந்தது 15 சதவீதம் மட்டும். கறியை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் வெள்ளைச் சோற்றைக் கூட்டிக்கொண்டவரின் ட்ரைகிளிசரைடு ஏன் இறங்கவில்லை என்பதற்கு இங்கேதான் பதில் இருக்கிறது.

எரிப்பதிலும் வேறுபாடு உண்டு. மூச்சில் விடுகிற கார்பன் டை ஆக்சைடையும் இழுக்கிற ஆக்சிஜனையும் அளந்து, உடம்பு அந்த நேரத்தில் எதை எரிக்கிறது என்று சொல்லிவிடலாம். விகிதம் 1 என்றால் மாவுச்சத்து, 0.7 என்றால் கொழுப்பு. 1990-களில் பிட்ஸ்பர்கில் காலின் தசையை மட்டும் தனியே அளந்து பார்த்தார்கள். ஒல்லியானவர்களின் தசை இரவுப் பட்டினியில் கொழுப்பை எரித்தது. இன்சுலின் வந்ததும் சர்க்கரைக்கு மாறியது. அடுப்பில் விறகு தீர்ந்தால் வரட்டி, வரட்டி தீர்ந்தால் சுள்ளி என்று கிடைத்ததை எரிக்கிற மாதிரி. பருமனானவர்களின் தசைக்கு இந்த மாறும் லாவகம் போய்விட்டிருந்தது. பட்டினியில் கொழுப்பைப் போதுமான அளவு எரிக்கவில்லை. சாப்பிட்ட பின் சர்க்கரைக்கு முழுதாக மாறவும் இல்லை.

ஆனால் ஒல்லியாக இருப்பதால் கூடுதலாகத் தின்ற கொழுப்பு எரிந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். 1995-ல் வெளிவந்த ஒரு சோதனையில் 9 ஒல்லியான ஆண்களுக்கும் 7 பருமனான ஆண்களுக்கும் 14 நாள் தேவைக்கு மேல் 50 சதவீதம் அதிகமாகச் சாப்பிடக் கொடுத்தார்கள். ஒரு முறை கூடுதல் முழுக்கக் கொழுப்பாக, இன்னொரு முறை மாவுச்சத்தாக. மாவுச்சத்தாகக் கொடுத்தபோது உடம்பு கொஞ்சம் கூட எரித்தது. கூடுதலில் 75 முதல் 85 சதவீதம் சேர்ந்தது. கொழுப்பாகக் கொடுத்தபோது உடம்பு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 90 முதல் 95 சதவீதம் அப்படியே சேமிப்புக்குப் போனது. கொழுப்பைச் சேர்க்க உடம்புக்கு ஆகிற செலவும் மிகக் குறைவு. புரதத்தைச் செரித்துப் பயன்படுத்த அதன் சக்தியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகும். கொழுப்புக்கு அதிகம் போனால் 3.

இப்போது அந்த ஒல்லித் தம்பிக்கு வருகிறேன். அவருடைய கண்மாய் தூர்ந்துபோனதல்ல. அது ஆரம்பத்திலேயே சின்னக் கண்மாய்.

புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் சேர்ந்து நின்ற ஒரு புகைப்படம் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எவ்வளவு எடை என்ற கணக்கு, ஒன்றே, 22.3. உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பி.எம்.ஐ. கணக்குக்கு இருவரும் ஒன்று. உள்ளே இருவரும் வேறு. நம்மவர்களில் பலர் ஒல்லியாகத் தெரிந்தாலும் தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். இன்னொரு பக்கம், அமெரிக்காவில் வாழும் தெற்காசிய ஆண்களையும் வெள்ளைக்கார ஆண்களையும் ஒப்பிட்ட ஆய்வில், தெற்காசியர்களின் தோலடிக் கொழுப்புச் செல்கள் பெரிதாக உப்பியிருந்தன. இன்சுலினுக்கு உடம்பு கொடுத்த மறுமொழியும் மந்தம். செல் உப்பியிருப்பது என்றால் அந்தக் கண்மாய் ஏற்கெனவே கரைமட்டத்துக்கு நிறைந்து நிற்கிறது என்று பொருள். இன்னும் இரண்டு கிலோ கூடினால் மறுகால்தான்.

இது உவமைக்காகச் சொல்வதா, உண்மையிலேயே அப்படித்தானா என்று எனக்கும் முதலில் தயக்கம் இருந்தது. இரண்டு சாட்சிகள் என் தயக்கத்தைப் போக்கின. ஒன்று, லிப்போடிஸ்ட்ரஃபி என்ற அரிய நோய். கொழுப்புத் திசுவே சரியாக உருவாகாத மனிதர்கள். நரம்பும் தசையும் எடுப்பாகத் தெரியும். குண்டு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்குக் கல்லீரல் நிறையக் கொழுப்பு, கட்டுக்கடங்காத ட்ரைகிளிசரைடு, கடுமையான சர்க்கரை நோய். கண்மாயே இல்லாத ஊர். இரண்டாவது, நம் மருந்துக்கடைகளில் விற்கிற பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை. அதைச் சாப்பிட்டால் தோலடிக் கொழுப்பும் எடையும் கூடும். ஆனால் சர்க்கரை இறங்கும், கல்லீரல் கொழுப்பும் குறையும். உடம்பில் கொழுப்புக் கூடியும் நோய் குறைகிறது, ஏனென்றால் இருக்க வேண்டிய இடத்தில் அது கூடியிருக்கிறது. நியூகாசிலின் சர்க்கரை நோய் ஆராய்ச்சியாளர் ராய் டெய்லர் இதைத்தான் ஆளுக்கு ஆள் வேறுபடும் தனிப்பட்ட கொழுப்பு வரம்பு என்கிறார். ஒருவர் நூறு கிலோவிலும் வரம்புக்குள் இருக்கலாம். இன்னொருவர் அறுபத்திரண்டிலேயே தாண்டியிருக்கலாம்.

அந்த இரண்டு பேர் குழாய்களையும் நான் அன்று தூக்கிப் போடவில்லை. ஒரு பழைய முறை உண்டு. சீரத்தை இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் அசைக்காமல் வைத்தால், கைலோமைக்ரான் லேசாக இருப்பதால் பாலேடு போல மேலே வந்து படியும். கல்லீரல் தயாரித்த வி.எல்.டி.எல். அடிவரை கலங்கலாகவே நிற்கும். மறுநாள் பார்த்தேன். மச்சானின் குழாயில் மேலே நல்ல தடிமனாக ஏடு. கீழே ஓரளவு தெளிவு. ராத்திரிக் கறிதோசை இன்னும் இறங்காமல் நின்றது அது. தம்பியின் குழாயில் ஏடு மெல்லிசு. கீழே முழுக்கக் கலங்கல். அவர் ரத்தத்தில் நின்றது அந்த ஒரு ராத்திரிச் சாப்பாடு அல்ல, நாள்பட அவருடைய கல்லீரல் செய்து தள்ளிக்கொண்டிருந்த சரக்கு. இந்த இரண்டு குழாயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பக்கம் பக்கமாகப் படித்ததெல்லாம் கண் முன்னால் நின்றது போல இருந்தது. கண்ணால் பார்க்கிற இந்த முறை டாக்டரின் முடிவுக்கு மாற்று இல்லை. எங்கே தேட வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான்.

மச்சானுக்கும் ஒரு அநியாயம் நடக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். பருமனான ஒருவர் லேப் பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. "வாயைக் கட்டுனா சரியாப் போயிரும்" என்பது நம் ஊரில் எல்லோரும் இலவசமாகத் தருகிற வைத்தியம். கொழுப்பு என்ற சொல்லையே திமிருக்குப் பெயராக வைத்திருக்கிற மொழி நம்முடையது. ஆனால் போதும் என்ற எண்ணம் வாயில் பிறப்பதில்லை. குடலுக்குள் கொழுப்பு வந்து சேர்ந்ததும் அங்கிருந்து கிளம்புகிற கோலிசிஸ்டோகைனின், ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். போன்ற ஹார்மோன்கள் இரைப்பையை மெதுவாக்கி, மூளைக்குச் செய்தி சொல்ல வேண்டும். 2023-ல் வெளிவந்த ஆம்ஸ்டர்டாம் ஆய்வில் நாக்குக்கே வேலை வைக்காமல் குழாய் வழியாக நேரே வயிற்றுக்குள் கொழுப்பையும் சர்க்கரையையும் செலுத்தி மூளையைப் படம் பிடித்தார்கள். ஒல்லியானவர்களின் மூளை, உணவு வந்ததைக் கண்டுகொண்டு மாறியது. பருமனானவர்களின் மூளையில் அந்த மாற்றம் வெகுவாகக் குறைந்திருந்தது. 12 வாரத்தில் 10 சதவீத எடையைக் குறைத்த பிறகும் அது திரும்பி வரவில்லை. மெலிந்தவர் மறுபடி எடை போடுவதற்கு மன உறுதி இல்லாதது காரணம் என்று சொல்வதற்கு முன், வயிற்றிலிருந்து கிளம்பிய செய்தி மூளைக்கு எட்டுகிறதா என்று கேட்பதுதான் நியாயம்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோடு இருந்தார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் (INDIAB) என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வில் தெரிந்த ஒரு வித்தியாசம்: நாட்டில் பி.எம்.ஐ. கணக்கில் பருமனானவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். அந்த இடைவெளிக்குள் இருப்பவர்கள்தான் 'நான் ஒல்லி' என்று டெஸ்ட் எடுக்காமல் இருப்பவர்கள். தையல்காரரின் டேப் ஒன்று வீட்டில் இருந்தால் போதும். இடுப்பு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் எடை என்ன காட்டினாலும் ட்ரைகிளிசரைடையும் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வெறும் வயிற்று ட்ரைகிளிசரைடு 150-க்குள் இருப்பது நல்லது. 1000-ஐத் தாண்டினால் கணையமே வெந்துபோகிற ஆபத்து உண்டு. அந்த நிலையில் வயிற்றின் மேல்பகுதியில் கடும் வலி வந்தால் கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டிருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

என்ன செய்யலாம் என்பதில் நான் அறிந்தவற்றில் ஆகச் சுலபமானது நடை. அதுவும் முந்தின நாள் நடை. ஒன்றரை மணி நேரம் வேகமாக நடந்தவர்களுக்கு மறுநாள் கொழுப்புச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தபோது, நடக்காத நாளைவிட ட்ரைகிளிசரைடு ஏற்றம் 20 முதல் 25 சதவீதம்வரை குறைந்தது. வேலை செய்த தசை தன் மடையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. இந்தப் பலன் இரண்டு மூன்று நாளில் தேய்ந்துவிடும். வாரத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வண்டியூர்த் தெப்பக்குளத்தை ஆறு சுற்று சுற்றுவதைவிட, ஒன்றுவிட்டு ஒரு நாளாவது இரண்டு சுற்று நடப்பது மேல் என்று நான் சொல்வது அதனால்தான்.

எண்ணெய்க் கணக்கை வீட்டில் போட்டுப் பார்க்கலாம். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் ஆகிறது என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம், சுமார் 270 கலோரி. வெளியில் தின்பது இதில் சேராது. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவை வாரம் இரண்டு முறை தேடிப் போகிறவர்கள் அந்தக் கணக்கைத் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். தேங்காய் எண்ணெய் நேரே கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும், சேராது என்று ஒரு பேச்சு உலவுகிறது. அப்படிப் போவது அதிலிருக்கிற குட்டையான கொழுப்பமிலங்கள் மட்டும், அவை சிறு பங்கு. ஏறத்தாழப் பாதியாக இருக்கிற லாரிக் அமிலத்தில் பெரும்பகுதி மற்ற எண்ணெய் போலவே கைலோமைக்ரானில் ஏறித்தான் வருகிறது. செரிமானத்தையே தடுத்துவிடலாம் என்று வந்த மருந்து ஆர்லிஸ்டாட். லைப்பேஸைக் கட்டிப்போட்டு, தின்ற கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தை மலத்தோடு அனுப்பிவிடும். எண்ணெய் ஒழுகும் மலமும் ஏ, டி, ஈ, கே வைட்டமின் இழப்பும் கூடவே வரும். டாக்டர் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

கண்மாயைத் தூர்வாருவதற்குச் சமமான காரியம் எடைக் குறைப்புதான். ராய் டெய்லர் 2011-ல் காட்டியது இது: மிகக் குறைந்த கலோரி உணவில் ஏழே நாளில் கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் இறங்கியது. 2017-ல் வந்த டைரக்ட் என்ற ஆய்வில் 306 சர்க்கரை நோயாளிகள். எடைக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டில் மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. பிறகு 2023-ல், பி.எம்.ஐ. 27-க்குக் கீழே இருந்த 20 சர்க்கரை நோயாளிகளிடம், அதாவது நம் தம்பியைப் போன்றவர்களிடம், இதையே செய்து பார்த்தார்கள். 10 முதல் 15 சதவீத எடை குறைந்ததில் 14 பேருக்கு நோய் அடங்கியது. அறுபது கிலோ ஆள் ஆறு கிலோ குறைவது பார்க்கிறவர்களுக்கு 'என்னப்பா, ஏதும் சீக்கா?' என்று கேட்கத் தோன்றும். மருத்துவரின் கண்காணிப்பில், சர்க்கரை உள்ளவர் செய்கிறபோது அது சீக்கு விலகுகிற அடையாளமாக இருக்கலாம்.

தம்பி மூன்று வாரம் கழித்துத் தனியாக வந்தார், டாக்டர் எழுதிக்கொடுத்த அடுத்த டெஸ்டுக்கு. ஊசி குத்துவதற்குள்ளேயே, "நேத்து ஏழரைக்கே சாப்பிட்டேன்க்கா, ரெண்டு இட்லி" என்றார். குழாயின் லேபிளில் அந்த நேரத்தையும் எழுதிக்கொண்டேன். ரத்தம் கொடுக்க வருகிற எல்லோரிடமும் நான் எதிர்பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான்: நேற்று கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு.